சர்க்காரு காடா, ஊர்க் காடா?

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணியிலே இருந்தாலும் காபி நேரத்திலே என் பக்கத்திலேயே உட்கார்ந்து என் பங்கு முறுக்கையும் சேர்த்துச் சாப்பிட்ட அன்பு நண்பர்களே, (சிரிப்பு) அரங்கம் நிறைந்திருக்கும் கோவைப் பெருமக்களே, தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னாலே குடும்பத்தோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே!

தலைப்பு என்ன? "காடு நெடுங்காலம் நிலைப்பது அரசின் காவலாலா, ஊராரின் உரிமையாலா?" எனக்கு முன்னாலே பேசிய நண்பர் என்ன சொன்னார்? "ஊரார் கையிலே காட்டைக் கொடுப்பது, பூனையைப் பாலுக்குக் காவல் வைப்பது மாதிரி" என்றார். நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்ல உவமை, யார் சொன்னாலும் தட்ட வேண்டியதுதான். ஆனால் நடுவர் அவர்களே, எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அந்தப் பால் அந்தப் பூனையோட பாலாகவே இருந்தால்? தன் குட்டிக்கு என்று வைத்திருக்கிற பாலை எந்தப் பூனையாவது நக்கிக் குடித்துவிட்டு ஏப்பம் விடுமா? (சிரிப்பு, கைதட்டல்)

நான் தமிழ் வாத்தியார். சொல்லிலே இருந்துதான் எதையும் தொடங்குவேன். 'காடு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். முனைவர் பட்ட ஆய்வுக்காக நான் வெளியூர் போய் விடுதியிலே சேர்ந்த புதுசு. அங்கே இருந்த பெரியவர் ஒருவர், "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டார். "காட்டிலே இருக்காருங்க" என்றேன். அவர் பதறிப்போய், "அடடா, எத்தனை வருஷமாப்பா?" என்றார். அவர் வனவாசம் என்று நினைத்துக்கொண்டார்! (பலத்த சிரிப்பு) கொங்கு நாட்டிலே கிணறு இருந்தால் தோட்டம், வானத்தைப் பார்த்து விதைத்தால் காடு. எங்களுக்குக் காடு என்றால் சொந்தம். அங்கே இருக்கிற ஒவ்வொரு வேலிக் கடவும் தெரியும். எந்த மூலையிலே எந்த வேப்பமரம் சாய்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவோம்.

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் போய்ப் பாருங்கள். கொரங்காடு என்று ஒன்று உண்டு. மழை குறைந்த பூமி. சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே வெள்வேல மரம், தரையிலே கொழுக்கட்டைப் புல். அந்தப் புல்லைத் தின்றுதான் காங்கேயம் காளை காளையாக நிற்கிறது. ஒரு பக்கம் மேய்ந்தால் இன்னொரு பக்கத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். வேலியிலே ஓட்டை விழுந்தால் அன்றைக்கே அடைப்பார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த மரமும் புல்லும் அங்கேதான் இருக்கின்றன. எந்த அதிகாரி வந்து காவல் காத்தார்?

எதிரணி நண்பர் சிரிக்கிறார். "அய்யா, அது தனி ஆள் சொத்து, பொதுக் காட்டுக்கு அது எப்படிப் பொருந்தும்?" என்கிற சிரிப்பு அது. நியாயமான சிரிப்புத்தான். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னாலே ஒரு கதை சொல்லிவிடுகிறேன். கதைகூட இல்லை. நான் செய்த ஒரு காரியம்.

எனக்குப் பத்து வயது. என் அம்மாவைப் பெற்ற ஊர் மலையடிவாரம். பள்ளிக்கூட லீவு விட்டால் அங்கேதான் கிடப்பேன். எங்கள் அமுச்சி விடியக்காலையிலே சும்மாடு கட்டிக்கொண்டு மலைக்குப் போய், காய்ந்த சுள்ளி பொறுக்கிக்கொண்டு வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடும். ஒருநாள் வெறுங்கையோடு வந்தது. சுமையும் இல்லை, கொடுவாளும் இல்லை. வழியிலே ஒரு காவலர் பிடுங்கிக்கொண்டு, "ஆபீசிலே வந்து வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டாராம். அந்தக் கொடுவாள் கல்யாணத்துக்கு முன்னாலே இருந்து அமுச்சி கையிலே இருந்தது. ஆபீசுக்கு இரண்டு நடை அலைந்தது. கிடைக்கவில்லை. அதுக்கப்புறம் அதைப் பற்றி அமுச்சி பேசியதே இல்லை.

அதே வருஷம் மாசியிலே ஒரு ராத்திரி மலையிலே தீ. அடிவாரத்திலே இருந்து பார்த்தால் யாரோ மலைக்குச் சிவப்பு மாலை போட்ட மாதிரி வளைந்து வளைந்து போகிறது. ஊரே திண்ணையிலே உட்கார்ந்து பார்க்கிறது. நான் கேட்டேன்: "ஏனுங்க அப்புச்சி, நாம போயி அணைக்க வேண்டாமுங்களா?" அப்புச்சி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "அது சர்க்காரு காடு கண்ணு. சர்க்காரு வந்து அணைக்கும். நீ போயித் தூங்கு."

நான் போய்த் தூங்கினேன்.

நடுவர் அவர்களே, எங்கள் அப்புச்சி கல்நெஞ்சக்காரர் கிடையாது. அதற்கு முந்தின வருஷம் பக்கத்துத் தோட்டத்திலே சோளத்தட்டுப் போர் பற்றிக்கொண்டது. அந்தத் தோட்டத்துக்காரருக்கும் எங்களுக்கும் வரப்புத் தகராறு, பேச்சுவார்த்தையே இல்லை. ஆனாலும் கோணிச் சாக்கை நனைத்துக்கொண்டு முதல் ஆளாக ஓடியவர் இதே அப்புச்சிதான். பகையாளி போருக்கு ஓடிய மனுஷன், எதிரே எரிகிற மலைக்கு எழுந்திருக்கவே இல்லையே, ஏன்? மலைக்கும் அவருக்கும் இருந்த கயிற்றை யாரோ அறுத்துவிட்டார்கள். அமுச்சியோட கொடுவாள் போன அன்றைக்கு அது அறுந்ததோ, 1882-இலே சென்னை மாகாண வனச் சட்டம் வந்த அன்றைக்கே அறுந்ததோ, யாருக்குத் தெரியும்! (கைதட்டல்)

இப்போது நண்பரோட சிரிப்புக்கு வருகிறேன். 1968-இலே காரெட் ஹார்டின் என்கிற அமெரிக்கப் பேராசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். பொது மேய்ச்சல் நிலம் இருந்தால் ஒவ்வொருவனும் இன்னொரு மாட்டை ஓட்டுவான், கடைசியிலே புல்லே இருக்காது என்றார். நம் ஊர்ப் பழமொழியிலே சொன்னால், ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! (சிரிப்பு) உலகமே அதை நம்பியது. ஆனால் எலினார் ஆஸ்ட்ரம் என்று ஒரு அம்மையார். அவரும் அமெரிக்கர்தான். அவர் நாற்காலியிலே உட்கார்ந்து யோசிக்கவில்லை. பொதுக் காடு, பொது மேய்ச்சல், பொது வாய்க்கால் வைத்திருக்கிற ஊர்கள் உண்மையிலே எப்படி நடக்கின்றன என்று ஆராய்ந்தார். பல ஊர்களிலே நூறு, இருநூறு வருஷமாகப் பொதுச்சொத்து அழியாமல் இருக்கிறது என்று கண்டார். 2009-இலே பொருளாதார நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண்மணி அவர்தான். (கைதட்டல்) தாய்மார்கள் கைதட்டு கொஞ்சம் பலமாகவே கேட்கிறது!

அவர் கண்டது என்ன? நம் கொரங்காட்டு வேலிதான். எல்லை தெளிவாக இருக்க வேண்டும். யார் எவ்வளவு எடுக்கலாம் என்ற விதியை எடுக்கிறவர்களே கூடிப் போட வேண்டும். காவல்காரன் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும். முதல் தப்புக்குச் சின்ன அபராதம், மறுபடி செய்தால் பெரிய அபராதம். வெளியே இருந்து பெரிய அதிகாரம் வந்து இதைக் கலைக்கக்கூடாது. ஒருவன் சொந்தமாக வைத்திருக்கிற நிலத்துக்கு என்னென்ன பாதுகாப்பு உண்டோ, அத்தனையும் நூறு குடும்பத்துக்குப் பொதுவாகவும் இருக்க முடியும். ஹார்டின் சொன்ன நிலம் பொது நிலமே இல்லை. ஆள் இல்லாத நிலம். கேட்பாரில்லாத நிலம். காட்டை அரசுடைமை ஆக்கி, அதைக் காக்க அரசிடம் போதிய ஆளும் இல்லை என்றால், அந்தக் காடும் அப்படித்தான் ஆகும்.

நான் கதை விடுகிறேன் என்று நினைத்தால் நேபாளத்தைப் பாருங்கள். 1957-இலே அந்த நாட்டிலே தனியார் காடுகளை எல்லாம் அரசுடைமை ஆக்கினார்கள். நல்ல எண்ணம்தான். நடந்தது என்ன? நம்மிடம் இருந்து போகப்போகிறது, இருக்கும்போதே வெட்டு என்று மலை மலையாக வெட்டினார்கள். அடுத்த இருபது வருஷத்திலே இமயத்துச் சரிவுகள் மொட்டையாகிறதே என்று உலகமே கவலைப்பட்டது. அப்புறம் மெல்ல மெல்ல வழியை மாற்றி, 1993 வனச் சட்டத்திலே ஊர்ப் பயனாளர் குழுக்களிடம் காட்டை ஒப்படைத்தார்கள். நிலம் அரசுடையது, காட்டைப் பேணுவதும் பயன் எடுப்பதும் குழுவுடையது. இன்றைக்கு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள். 1992-இலே நாட்டிலே 26 விழுக்காடாக இருந்த காட்டுப் பரப்பு 2016-இலே 45 விழுக்காடு ஆனது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். 2019-இலே இன்னோர் ஆய்வு வந்தது. 18,000-க்கும் மேற்பட்ட ஊர்க் காடுகளை எடுத்துப் பார்த்ததிலே, ஊர்க்குழு மேலாண்மை காடழிவை 37 விழுக்காடு குறைத்தது என்று தெரிந்தது. குழு எத்தனைக்கு எத்தனை பழையதோ, அத்தனைக்கு அத்தனை பலன் கூடுதல். தலைப்பிலே 'நெடுங்காலம்' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதைக் கொஞ்சம் நினைவிலே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு உண்மையையும் ஒப்புக்கொள்கிறேன். நேபாளத்து இளைஞர்கள் பெருவாரியாக வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போனார்கள். மலைமேல் உழ ஆள் இல்லாமல் தரிசாகி, அங்கேயும் மரம் முளைத்தது. அதுவும் ஒரு காரணம். இங்கே மட்டும் என்ன? மலையடிவாரத்துப் பையன்களெல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள், வீட்டுக்கு வீடு கேஸ் அடுப்பு வந்துவிட்டது, சுள்ளி பொறுக்க ஆள் குறைந்துவிட்டது. எல்லாப் புகழும் ஊர்க்குழுவுக்கே என்று நான் சொன்னால் என் மனைவியே நம்ப மாட்டாள். (சிரிப்பு)

நம் நாட்டிலேயே ஒன்று சொல்லட்டுமா? மேற்கு வங்காளம், மேதினிபூர் மாவட்டம், அரபாரி. 1972. அஜித் குமார் பானர்ஜி என்கிற வன அதிகாரி. அதிகாரி என்பதைக் கவனியுங்கள், என் அணிக்குச் சாட்சி சொல்ல எதிரணியிலே இருந்தே ஒருவர் வருகிறார்! குங்கிலிய மரக்காடு. முளைக்க முளைக்க வெட்டிக்கொண்டு போகிறார்கள். பிடித்துப் பிடித்து அலுத்துப்போனார். பிறகு 11 கிராமங்களிலே போய் உட்கார்ந்து பேசினார். "நீங்கள் காவல் காருங்கள். காட்டிலே வேலை உங்களுக்கு. இலை, தழை, விதை உங்களுக்கு. மரம் முற்றி விற்கும்போது நூற்றுக்கு 25 பங்கு உங்களுக்கு" என்றார். 618 குடும்பங்கள், 1,272 ஹெக்டேர். அடியிலே இருந்த வேர்க்கட்டைகளே துளிர்த்தன. ஒன்றும் பெரிதாக நடக்கூட வேண்டியிருக்கவில்லை, வெட்டுவதை நிறுத்தினாலே போதும். பதினைந்து வருஷத்திலே அங்கே காடு நின்றது. அதைப் பார்த்துத்தான், 1988 தேசிய வனக் கொள்கைக்குப் பிறகு, 1990 ஜூன் 1-ஆம் தேதி மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதியது. கூட்டு வன மேலாண்மை என்று பெயர் வந்தது.

எதிரணிக்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறார். எனக்கும் அவர் மேலே மரியாதை. ஹ்யூகோ வுட். நம் ஆனைமலையிலே, தேக்கை எல்லாம் வெட்டி வெட்டி மலை உச்சியிலே இருந்து சறுக்கிவிட்டார்களே, அதனாலேயே அந்த இடத்துக்கு டாப்சிலிப் என்று பெயர் வந்ததே, அங்கே நூறு வருஷத்துக்கு முன்னாலே வந்த வெள்ளைக்கார அதிகாரி. கையிலே தடி, பை நிறையத் தேக்கு விதை, நடக்கிற இடமெல்லாம் குத்திக் குத்தி விதைத்தார் என்று இன்றும் சொல்லுவார்கள். 1933-இலே இறந்தார். அவர் ஆசைப்படியே மவுண்ட் ஸ்டூவர்ட்டிலே அந்தத் தேக்குகளுக்கு நடுவிலேயே அடக்கம் செய்தார்கள். என் நினைவுச் சின்னம் வேண்டுமானால் சுற்றிப் பார் என்ற பொருளிலே கல்லறையிலே லத்தீன் வாசகம் இருக்கிறது. கும்பிட வேண்டிய மனுஷன். (கைதட்டல்)

ஆனால் அய்யா, ஒரு வுட் வந்தார் சரி. அடுத்து வருகிற அதிகாரி வுட்டாக இருப்பார் என்று யார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்? அரசு அதிகாரிக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு மாற்றல். தேக்கு முற்ற அறுபது, எழுபது வருஷம். இந்த இரண்டையும் கூட்டிக் கழித்துப் பாருங்கள். ஆனைமலையிலே மாற்றல் இல்லாமல் இருக்கிறவர்கள் காடரும் மலசரும் புலையரும் முதுவரும்தான்.

"புலி இருக்கிறது, யானை இருக்கிறது, துப்பாக்கியோடு வேட்டைக்காரன் வருகிறான், ஊர்க்குழு கம்பை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?" என்று கேட்டீர்கள். சரியான கேள்வி. ஆனைமலை 2007-இலே புலிகள் காப்பகம் ஆனது. சத்தியமங்கலம் 2013-இலே, 1,408 சதுர கிலோமீட்டர். வெளியூர்க் கும்பலை எதிர்க்க அரசு வேண்டும், வண்டி வேண்டும், வழக்கு வேண்டும். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காப்பகத்துக்குள்ளே ராத்திரி முகாமிலே படுத்து, யானைச் சாணத்தைத் தொட்டுப் பார்த்து, எத்தனை நேரத்துக்கு முன்னாலே போனது என்று சொல்லுகிற வேட்டைத் தடுப்புக் காவலர் யார்? பெரும்பாலும் அந்த மலைப் பிள்ளைகள்தான். கோழிகமுத்தி முகாமிலே யானைக்குப் பாகன் யார்? அவர்கள்தான். அரசின் காவல், அரசின் காவல் என்கிறீர்களே, அந்தக் காவலுக்குக் கண்ணும் காலும் ஊரார்தானே! சட்டை மட்டும்தானே உங்களுடையது! (பலத்த கைதட்டல்)

காவல் மட்டுமே இருந்து, ஊர் எதிரி என்றாகிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு பெயர் இருக்கிறது. தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20. சந்தனக் கடத்தலைப் பிடிக்கிறோம் என்று போனவர்கள் ஒரு மலைவாழ் மக்களின் ஊருக்கு என்ன செய்தார்கள் என்பதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற நிகழ்ச்சியிலே நான் விவரிக்க மாட்டேன். 2011-இலே நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களிலே உயிரோடு இருந்த அத்தனை பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்தே போயிருந்தார்கள். 2023 செப்டம்பரிலே உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு வருஷம். (அமைதி)

சந்தனத்தைப் பற்றியே இன்னும் ஒரு வார்த்தை. உங்கள் தோட்டத்திலே முளைத்தாலும் சந்தனமரம் சர்க்காருக்குத்தான் கட்டுப்பட்டது என்று நெடுங்காலம் இருந்தது. தலைவலி எதற்கு என்று விவசாயி கன்றிலேயே பிடுங்கி எறிந்தான். 2000-க்குப் பிறகு கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் சட்டத்தைத் திருத்தி, மரம் நிலத்துக்காரனுக்குச் சொந்தம் என்றார்கள். இப்போது நாற்றுப் பண்ணையிலே போய்ப் பாருங்கள், சந்தனக் கன்றுக்கு வரிசையிலே நிற்கிறான்!

"சரி பேராசிரியரே, நம் தமிழ்நாட்டிலும் ஊருக்கு ஊர் வனக்குழு வைத்தார்களே, என்ன ஆச்சு?" என்று நண்பர் கேட்பதற்கு முன்னாலே நானே கேட்டுக்கொள்கிறேன். 1997-இலே ஜப்பானியக் கடனுதவியோடு தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கியது. 2005 முதல் 2013 வரை இரண்டாம் கட்டம். கிராம வனக்குழு அமைத்தார்கள். தடுப்பணை கட்டினார்கள், கன்று நட்டார்கள், கறவை மாட்டுக்குக் கடன் கொடுத்தார்கள். தடுப்பணை கட்டின ஊர்களிலே கிணற்றிலே தண்ணி ஏறியது என்று விவசாயிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நல்ல காரியம். ஆனால் அமைப்பைப் பாருங்கள். குழுவுக்குத் தலைவர் ஊர்க்காரர். செயலாளர் வனத்துறை அலுவலர். சாவி யார் கையிலே?

எந்த மாவட்டம், எந்தத் திட்டம் என்று சொல்ல மாட்டேன், ஓர் ஊருக்கு மாணவர்களோடு முகாம் போனேன். அங்கேயும் ஒரு காலத்திலே குழு இருந்தது. பெரியவர் ஒருவரைக் கேட்டேன்: "ஏனுங்க, குழு இருக்குதுங்களா?" அவர் சாவகாசமாகச் சொன்னார்: "போர்டு இருக்குதுங்க." (பலத்த சிரிப்பு) "நட்ட மரம்?" "அந்தப் போர்டுக்குக் கால் நட்டோமுங்களே, அது இருக்குது!" (சிரிப்பு) சிரித்துவிட்டோம். ஆனால் அந்தப் பெரியவர் அடுத்துச் சொன்னதுக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. "காசு வந்த வரைக்கும் வாட்சர் போட்டாங்க, நாங்களும் காவலுக்குப் போனோம். காசு நின்னுது. காடு எங்களுதுன்னு ஒரு காயிதம் கொடுத்திருந்தா, காசு நின்னப்புறமும் போயிருப்போமுங்க."

இதுதான் என் வாதத்தின் உயிர்நாடி நடுவர் அவர்களே. கூலி கொடுத்தால் கூலி உள்ள வரைதான் காவல். திட்டத்துக்கு ஆயுள் எட்டு வருஷம், காட்டுக்கு ஆயுள் எண்ணூறு வருஷம். குழு என்று பெயர் வைத்ததனாலே மட்டும் காடு வளராது. எழுதிக் கொடுத்த உரிமை வேண்டும், அடுத்த அதிகாரி வந்து திருப்பி வாங்க முடியாத உரிமை. உத்தராகண்டிலே வனப் பஞ்சாயத்து என்று இருக்கிறது. 1921-இலே, காட்டை எடுத்துக்கொண்டார்களே என்ற கோபத்திலே மலை மக்கள் காட்டுக்கே தீ வைத்தார்கள். வெள்ளைக்காரன் பயந்துபோய் 1931-இலே விதி போட்டு ஊர்ப் பஞ்சாயத்துக்குக் காட்டைக் கொடுத்தான். இன்றும் இருக்கிறது. பொருளாதார அறிஞர்கள் போய் அரசுக் காட்டையும் பஞ்சாயத்துக் காட்டையும் பக்கத்திலே வைத்து ஒப்பிட்டு 2009-இலே எழுதினார்கள். பஞ்சாயத்துக் காடு அரசுக் காட்டுக்கு எந்த விதத்திலும் குறையவில்லை. செலவு மட்டும் ஏறக்குறைய பத்திலே ஒரு பங்கு! நம் கொங்கு நாட்டு வியாபாரிகளே, இதிலே எதை எடுப்பீர்கள்? (சிரிப்பு, கைதட்டல்)

நம் நாட்டுக்கும் 2006-இலே வன உரிமைச் சட்டம் வந்துவிட்டது. கிராம சபைக்கே காட்டைக் காக்கிற உரிமையும் பொறுப்பும் அதிலே இருக்கிறது. மகாராஷ்டிரத்து மேண்டா லேக்கா என்ற சின்னக் கோண்டு ஊர் 2009-இலே ஏறக்குறைய 1,800 ஹெக்டேருக்கு உரிமை வாங்கி, 2011-இலே தன் மூங்கிலைத் தானே விற்றது. அதே 2011-இலே பி.ஆர். மலையிலே சோளகர் ஊர்களுக்குப் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சமூக உரிமை கொடுத்தார்கள். பி.ஆர். மலை எங்கே? நம் சத்தியமங்கலம் காட்டுக்கு அடுத்த வீடு. அதற்கு அண்டையிலே இருக்கிற கொள்ளேகால் தாலுகா 1956 வரைக்கும் நம் கோயம்புத்தூர் ஜில்லாதான் அய்யா! கோடு போட்டதனாலே அந்தப் பக்கத்துச் சோளகருக்கு 2011-இலே கிடைத்தது. இந்தப் பக்கத்திலே, நீதிமன்றத் தடை ஒன்றினாலே 2016 வரை பட்டா கொடுக்கிற வேலையே நின்று கிடந்தது. இப்போதும் ஆமை வேகம்தான்.

நம் ஊரிலே நம்பிக்கைக்கு ஒன்று சொல்லட்டுமா? காரமடைக்கு மேலே பில்லூர் அணைப் பக்கம் பரளிக்காடு. வனத்துறையும் இருளர் ஊர்களும் சேர்ந்து பல வருஷமாகப் பரிசல் விடுகிறார்கள். பரிசல் தள்ளுவது ஊர்ப் பையன்கள், சமைப்பது ஊர்ப் பெண்கள். களியும் கீரையும் சாப்பிட்டுவிட்டு வந்து நாலு கிலோமீட்டர் மலை ஏறச் சொன்னால், இட்லி சாப்பிட்ட பேராசிரியர் மாதிரி நிற்க மாட்டீர்கள். (சிரிப்பு) மரம் இருந்தால்தான் ஆள் வருவான், ஆள் வந்தால்தான் வருமானம். அந்தப் பெண்களுக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் சுற்றுலா வருமானம் ஒரு துண்டுதான், காட்டுரிமை அதைவிடப் பெரிது.

கடைசியாகக் கணக்கு. எதிரணியிலே அம்மையார் ஒருவர் புள்ளிவிவரம் கொடுத்தார்: 2021 அறிக்கைப்படி தமிழ்நாட்டிலே 26,419 சதுர கிலோமீட்டர் காட்டுப் பரப்பு, 20.31 விழுக்காடு, ஆகவே அரசு நன்றாகத்தான் காக்கிறது என்றார். அம்மா, அந்த அறிக்கையிலே காடு என்பதற்கு இலக்கணம் படித்தீர்களா? நான் இலக்கண வாத்தியார், படித்துவிட்டேன். ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலம், பத்து விழுக்காடு மர நிழல், யார் நிலமானாலும் என்ன மரமானாலும் சரி. அதாவது பொள்ளாச்சித் தென்னந்தோப்பும் காடு! பொள்ளாச்சியிலே பெண் எடுத்த மாப்பிள்ளை எளநீர் வெட்டினால் காடழித்த குற்றமா? (பலத்த சிரிப்பு) வானத்திலே இருந்து பார்த்தால் பச்சை தெரியும். அது தேக்கா, தென்னையா, மஞ்சள் கொன்றையா என்று எளிதிலே தெரியாது. அந்த மஞ்சள் கொன்றை அழகாகப் பூக்கும் அந்நியச் செடி. நீலகிரியிலும் சத்தியமங்கலத்திலும் பரவி, அடியிலே ஒரு புல் முளைக்க விடுவதில்லை. மான் கடிக்காது, யானை தொடாது. இப்போது வெட்டி, நம் கரூர் புகளூர் காகித ஆலைக்குக் கொடுக்கிறார்கள். இதிலே நெல்லி காய்க்குமா, தேன் கட்டுமா என்று தெரிகிறது அந்த மலையிலே பொறுக்கித் தின்கிற கிழவிக்குத்தான்.

அப்படி ஒரு கிழவியைச் சத்தியமங்கலம் மலையிலே பார்த்தேன். நெல்லிக்காய் பறித்துக்கொண்டிருந்தது. கைக்கு எட்டுகிற கிளையிலேயே பாதி விட்டுவிட்டது. "ஏனாத்தா, இம்புட்டு விட்டுட்டுப் போறீங்க?" என்றேன். "கரடிக்குங்க, மானுக்குங்க" என்றது. அப்புறம் கொஞ்சம் தயங்கி, "முன்னெல்லாம் ஏலம் எடுத்தவரு ஆளுங்க வந்தா கிளையோட வெட்டிப் போட்டுட்டுப் போயிருவாங்க. அடுத்த வருசம் அவுங்களுக்கு வேற மலைங்க. எனக்கு இதே மரந்தானுங்க" என்றது.

நடுவர் மணியிலே கை வைத்துவிட்டார். அரை நிமிஷம் அய்யா. போன மாசியிலே அம்மா ஊருக்குப் போனேன். அப்புச்சியும் இல்லை, அமுச்சியும் இல்லை. மாமன் மகன் இருக்கிறான், என்னைவிட இளையவன். ராத்திரி வாசலிலே கட்டில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். எதிரே மலையிலே அதே சிவப்பு மாலை. "ஏன் மாப்பிள்ளை, யாரும் போகலையா?" என்றேன். "நாம உள்ள போனா கேஸ் போடுவாங்க மச்சான்" என்றான். அப்புறம் பார்க்கிறேன், அவன் பையன் திண்ணையிலே நின்றுகொண்டு செல்போனிலே வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறான். பத்து வயது. "மாமா, எங்க மலை எரியறதப் பாருங்க" என்று என்னிடம் கொண்டுவந்து காட்டினான்.

அவன் எங்க மலை என்றுதான் சொன்னான் நடுவர் அவர்களே. (கைதட்டல்) மணி அடித்துவிட்டார்கள்.